குடத்தினுள் யார் பெயர்?

யானைமலையின் அடிவாரத்தில் அமைந்த நம் ஒத்தக்கடையில், மக்ரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் சிலர் ஓத வருவர். ஓதி முடித்தபின் பள்ளிக்கூடப் புத்தகத்தையும் நம் முன் விரித்து ஐயம் கேட்பது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரு மாலை, தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் சோழர் காலக் குடவோலை முறையை மனனம் செய்து ஒப்பித்தான். உத்திரமேரூர், முதலாம் பராந்தகன், ஓலை, குடம், வாரியம், தகுதிகள் ஐந்து என அனைத்தும் தங்குதடையின்றி வந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் மக்களாட்சி நிலவியது என்ற முத்தாய்ப்போடு அவன் முடித்தபோது நாமும் மகிழ்ந்து பாராட்டினோம். புத்தகத்தை மூடியவன், ஏதோ நினைத்துக்கொண்டவனாய்க் கேட்டான்:

"ஹஜரத், அந்தக் குடத்துக்குள்ள எங்க அத்தா பேரு இருந்திருக்குமா?"

அவனுடைய தந்தையார் சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊர் ஊராக விற்பவர். குடியிருப்பது வாடகை வீடு. நிலம் என்று ஒரு பிடி மண்ணும் இல்லை. பாடத்திலுள்ள ஐந்து தகுதிகளையும் தன் தந்தையின்மீது பொருத்திப் பார்த்துவிட்டே பிள்ளை கேட்டிருக்கிறான். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒரு நூலை ஆராய்வது போலவே ஒரு பாடத்தையும் ஆராயலாம். பாடநூல்கள், போட்டித் தேர்வுக் கையேடுகள், மேடைப் பேச்சுகள் ஆகிய மூன்றிலும் குடவோலை நமக்கு எவ்வாறு சொல்லப்படுகிறது? பெருமையாகச் சொல்லப்படுகிறது. தகுதிகள் மறைக்கப்படவில்லை, ஆனால் ஐந்து மதிப்பெண்ணுக்குரிய ஐந்து குறிப்புகளாக அவை சுருங்கிக் கிடக்கின்றன. அவற்றின் பொருள் யாது, அவற்றால் யார் உள்ளே வந்தார், யார் வெளியே நின்றார் என்னும் வினா பாடத்தில் இல்லை. அரபு இலக்கியத்தில் 'மத்ஹ்' என்றொரு வகை உண்டு. அது புகழ்ச்சிப் பா. புகழ வேண்டிய இடத்தில் அது அழகே. ஆயின் குடிமைப் பாடம் புகழ்ச்சிப் பாவாக மாறிவிட்டால், கேட்கும் பிள்ளைக்குத் தலையாட்டுவது தவிர வேறு வேலை இல்லாமற் போகிறது. நம் குறை இதுதான்: மக்களாட்சியைக் கற்பிக்க வந்த பாடம், மக்களாட்சிக்கு முதற்கருவியான கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கற்பிக்கவில்லை.

ஆகவே பாடம் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்குவோம்.

சங்கச் சான்று

குடவோலையின் தொன்மைக்குப் பேச்சாளர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அகநானூற்றின் 77ஆம் பாடல். இயற்றியவர் மருதன் இளநாகனார். பொருள் தேடப் பிரிய நினைக்கும் தலைவன் தன் நெஞ்சோடு பேசுகையில், தான் கடக்கவேண்டிய பாலை வழியை நினைத்துப் பார்க்கிறான். அங்கே இறந்துபட்டோரின் குடலைப் பறவைகள் இழுத்து உண்கின்றன. அக்காட்சிக்குப் புலவர் கூறும் உவமைதான் சான்றாகக் காட்டப்படுகிறது: கயிற்றால் கட்டப்பட்ட குடத்தின் இலச்சினையை நீக்கி ஆவண மாக்கள் ஓலையை வெளியே எடுப்பது போன்று, என்பது அதன் கருத்து.

இவ்வுவமையைக் கொண்டு சங்க காலத்திலேயே தேர்தல் நடந்ததெனச் சிலர் முடிவு கட்டுகின்றனர். நாம் அவ்வளவு விரைவாக ஒப்பமாட்டோம். பாடலில் குடம் உண்டு, ஓலை உண்டு, இலச்சினை உண்டு, அதை நீக்கும் அலுவலரும் உண்டு. ஊரார் கூடினர் என்றோ, ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர் என்றோ அங்கே இல்லை. பத்திரமாக வைத்த ஆவணங்களை எடுத்த செயலாகவும் அது இருக்கலாம். ஒரு நபிமொழி நம்மிடம் வந்தால் அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அந்தச் சொல் எவ்வளவு பொருளைத் தாங்கும் என்று அளந்து பார்க்கவே மதரஸாவில் நம் ஆசிரியப் பெருமக்கள் நமக்குக் கற்பித்தனர். நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக ஒரு சான்றின்மீது அது தாங்காத பாரத்தை ஏற்றுவது நேர்மையன்று. தமிழுக்கு அப்படிப்பட்ட இரவல் பெருமை தேவையுமில்லை.

கல் சொல்வது என்ன?

உத்திரமேரூர்ச் சான்றோ ஐயத்திற்கு இடமற்றது. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய இரண்டு கல்வெட்டுகள் உள்ளன, அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் சொல்லப்படும் முறையைச் சற்று விரித்துக் கூறுவோம்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலையில் எழுதப்பட்டு, குடும்பின் பெயரோடு ஒரு கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். இளையோர் முதியோர் அனைவரும் உட்பட மகாசபை கூட வேண்டும். கோயில் நம்பிமாரும் அவையில் இருக்க வேண்டும். அவர்களுள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். பின்னர் நம்பிமாரும் அதைப் படிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். இவ்வாறு குடும்புக்கு ஒருவராகக் கிடைத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியவர். அவர்கள் பணி 360 நாள்.

இதைப் படிக்கும் எவருக்கும் வியப்புண்டாகும். உயர்த்திப் பிடித்த குடமும் விரித்த ஐந்து விரல்களும், கையினுள் ஓலையை மறைத்து மாற்றும் கயவனுக்கு இடமில்லாமல் செய்த ஏற்பாடுகள். மனிதனை நம்பலாம்; ஆனால் நம்பிக்கையை மட்டும் நம்பி ஊர்ப் பொறுப்பை ஒப்படைத்துவிடக் கூடாது என்ற அறிவு அக்கல்லில் உள்ளது.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே யாரும் வாக்களிக்கவில்லை. ஓலைகளை எண்ணிப் பெரும்பான்மை பார்க்கவில்லை. இது திருவுளச் சீட்டு. நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்குக் 'குர்ஆ' என்று பெயர். தகுதியில் சமமான இருவரிடையே பாகுபாடின்றித் தீர்க்கக் குர்ஆ ஏற்றதொரு வழி. ஆனால் குர்ஆ வேறு, 'ஷூரா' எனப்படும் கலந்தாலோசனை வேறு. முன்னதில் மனிதனின் விருப்பம் விலகி நிற்கிறது. பின்னதில் மனிதன் வாய்திறந்து தன் கருத்தைக் கூறி அதற்குப் பொறுப்பும் ஏற்கிறான். இவ்விரண்டையும் 'தேர்தல்' என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறது பாடம். அதனால், வாக்களிப்பதும் சீட்டு எடுப்பது போல ஒரு கைச்செயல்தான் என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

சொல்லப்படாத சிறப்பும் கேட்கப்படாத கேள்வியும்

தகுதிகளுக்கு வருவோம். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அரைக்கால்வேலி நிலமே உடையவராயின் ஒரு வேதத்தோடு பாஷ்யங்களுள் ஒன்றையும் கற்றிருந்தால் அவர் பெயரும் குடத்துக்குள் போகலாம். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் ஆகாது.

இவற்றோடு அக்கல்வெட்டு தகுதியின்மைகளையும் விரிவாகக் கூறுகிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் குடத்துள் வரமுடியாது. அவர் மட்டுமல்லர், அவர் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன் என நெருங்கிய உறவினர் ஒருவர் பெயரும் வரக்கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. நம் கருத்தில் குடவோலையின் உண்மையான மாண்பு இங்கேதான் இருக்கிறது. பொதுப்பணத்தைக் கையாண்டவன் கணக்குச் சொல்ல வேண்டும்; சொல்லாதவன் தன் பிள்ளையையோ மைத்துனனையோ முன்னிறுத்திப் பின்வாசல் வழியாகவும் நுழையக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த ஒரு விதியைப் பாடத்தின் தலைப்பாக வைத்து, "உங்கள் ஊரில் கணக்கு யார் காட்டுகிறார்? யாரிடம் காட்டுகிறார்?" என்று கேட்கும் ஒரு பயிற்சியைச் சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பாடமோ அதை மற்றொரு குறிப்பாக எண்ணிட்டு விட்டுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 919இல் வகுத்த விதியில் வயது 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது 35, 70 என மாற்றப்பட்டது. விதி என்பது வானிலிருந்து இறங்கியதன்று. கூடியிருந்தவர்கள் வகுத்தது, குறை கண்டபோது அவர்களே திருத்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி, கேட்கப்படாத கேள்வி. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் ஒரு பிரமதேயம். நிலமும் வேதமும் தகுதியாயிருந்த அவையில் உழுத கை இல்லை. நெய்த கை இல்லை. பறை அறைந்த கை இல்லை. பெண்களின் பெயரும் இல்லை. ஆகவே அச்சிறுவனுக்கு நாம் சொல்லவேண்டிய உண்மையான விடை: "இல்லையப்பா, அந்தக் குடத்தில் உன் அத்தாவின் பெயர் இருந்திராது. இந்த ஊரிலுள்ள பெரும்பாலோர் பெயரும் இருந்திராது."

பத்தாம் நூற்றாண்டு மக்களை இருபத்தோராம் நூற்றாண்டின் தராசில் நிறுத்துப் பழிப்பது நம் நோக்கமன்று. அக்காலத்தில் உலகின் எப்பகுதியிலும் எல்லாருக்கும் உரிமை இருந்ததில்லை. நம் கண்டனம் கல்லின்மீதன்று. கல்லைப் பாதி படித்துக் காட்டும் பாடத்தின்மீதே. ஏனெனில் குடத்துக்கு வெளியே நின்றவரைப் பாடம் மறந்தால், அவரை உள்ளே கொண்டுவர எத்தனை போராட்டமும் எத்தனை உயிரும் தேவைப்பட்டன என்பதையும் மறந்தேயாக வேண்டும்.

நம் சாலையின் பாடம்

1950ஆம் ஆண்டு ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு, நிலம், வீடு, வேதம், படிப்பு, குலம், ஆண், பெண் என்ற வேறுபாடெல்லாம் நீக்கி, வயதுவந்த எல்லார் பெயரையும் குடத்துள் இட்டது. அன்று வயது 21. 61ஆவது திருத்தத்தின்படி 1989 மார்ச்சில் அது 18 ஆயிற்று. 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கச் செய்தது. அதன்படி தமிழகத்தில் 1996இல் தேர்தல் நடைபெற்றது.

சட்டம் குடத்தைத் திறந்தது, ஊர் திறந்ததா?

ஒத்தக்கடையிலிருந்து மேலூர் செல்லும் சாலையைப் பிடித்து அப்பாலும் சென்றால் மேலவளவு வரும். 1996இல் அவ்வூர்த் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பும் மிரட்டலும் மிகுந்தன, தேர்தல் தடைப்பட்டது. இறுதியில் முருகேசன் என்பவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30ஆம் நாள், மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் வழியில், பேருந்தில் வைத்து அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் சென்ற பலரும் கொல்லப்பட்டனர். அவர் செய்த குற்றம் யாது? குடத்திலிருந்து வந்த தம் பெயரை மெய்யென்று நம்பியதுதான்.

நம் மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுகள் ஒதுக்கீட்டுத் தலைவர் எவரும் நிலைத்து அமர முடியவில்லை. தேர்தல் அறிவிக்கப்படும்; வேட்பாளர் இருக்கமாட்டார். வேட்பாளர் இருந்து வெற்றி பெற்றாலும் உடனே பதவி விலகிவிடுவார். 2006 அக்டோபரில், அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் முதலியோர் ஊர்ஊராகச் சென்று பேசிய பின்னரே அந்நிலை மாறியது. 2021ஆம் ஆண்டு காந்தி பிறந்த நாளில் அதே பாப்பாபட்டியின் கிராம சபையில் தமிழக முதலமைச்சர் நேரில் அமர்ந்தார். பத்தாண்டு மூடிக்கிடந்த ஒரு கதவு எவ்வாறு திறக்கப்பட்டது என்பதைவிடச் சிறந்த குடிமைப் பாடம் மதுரைப் பிள்ளைக்கு வேறெது? ஆனால் நம் பிள்ளைகள் உத்திரமேரூரை அறிவர், மேலவளவை அறியார். தொலைவிலுள்ள பெருமை மனனமாகிறது. அருகிலுள்ள துயரம் மறைக்கப்படுகிறது.

துயரம் மட்டுமே நம் சாலையின் பாடமன்று. 2010இல் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் எண்ணம் எழுந்தபோது சுற்றூர் மக்கள் எதிர்த்து நின்றனர், எண்ணம் கைவிடப்பட்டது. சமணப் படுக்கையும் பழைய கல்வெட்டும் தாங்கிய அம்மலை இன்றும் நம் கண்முன் கிடக்கிறது. 2024 நவம்பரில், மேலூர் வட்டத்தில் சுமார் 5,000 ஏக்கர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் முடிந்ததென்ற செய்தி வந்தது. அப்பரப்புள் அடங்கிய அரிட்டாபட்டியோ 2022இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். அம்மக்கள் செய்தது யாது? நவம்பர் 23ஆம் நாள் கிராம சபை கூடியபோது, சுரங்கம் வேண்டா எனப் பல ஊர்களிலும் தீர்மானம் நிறைவேற்றினர். டிசம்பர் 9இல் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23இல் ஏலம் இரத்துச் செய்யப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது.

கிராம சபைத் தீர்மானம் ஒன்றே இதைச் சாதித்தது என நாம் கூறவில்லை. ஆனால் முதற்சொல் அங்கேதான் எழுதப்பட்டது. ஆண்டின் பிற நாட்களில் ஆளில்லாமல் பெயரளவில் நடந்து முடியும் ஒரு கூட்டம், ஊர் திரண்டு அமர்ந்தவுடன் சட்டத்தின் நாவாக மாறியது. இதைக் கண்ணெதிரே கண்ட நம் பிள்ளைகளிடம், "கிராம சபை என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்" என்று வினாத்தாள் கேட்கிறது!

நம் வீட்டின் பாடம்

பாடநூலைக் கண்டிப்பது எளிது. நம் வீட்டையும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் குடும்பங்களில் மகனுக்கு 18 வயது ஆனவுடன் முதலில் நினைவுக்கு வருவது பாஸ்போர்ட். அதற்காகத் தந்தை கடையை மூடிவிட்டு அலைவார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தாயா என்று எந்த வீட்டில் கேட்கிறோம்? மகளுக்கோ, "கலியாணத்துக்கு அப்புறம் போற இடத்துல சேத்துக்கிடலாம்" என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. பட்டியலில் பெயர் விடுபட்டது தேர்தல் நாளன்று காலையில்தான் தெரிகிறது; பின்னர் குறை கூறுகிறோம். அரசியல் நமக்கு ஒத்துவராது, ஊர் வம்பு நமக்கு வேண்டாம் என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். பின்பு ஒரு துன்பம் வரும்போது, நமக்காகப் பேச ஆளில்லையே என வருந்துகிறோம்.

மஹல்லா நிருவாகத்திலும் இதே கதைதான். ஆண்டுக் கூட்டத்தில் வாலிபன் ஒருவன் எழுந்து பள்ளிவாசல் கணக்கைப் பற்றி ஓர் ஐயம் கேட்டால், கணக்கைக் காட்டுவதற்கு முன் அவன் வயதைக் காட்டி உட்காரச் சொல்கிறோம். தேர்தல் காலத்திலோ அவனுக்கு வேலை உண்டு: கொடி கட்ட, சுவரொட்டி ஒட்ட, வண்டியில் ஏறிக் கோஷமிட. உத்திரமேரூர் அவையில் ஓலையெடுத்த சிறுவனை ஈண்டு நினைவுகூர்கிறோம். உள்ளே இருப்பது இன்னதென்று அவன் அறியாதிருந்தது அந்த முறைக்கு நன்மை. நடுநிலைக்கு அதுவே காப்பு. ஆனால் வாக்குரிமையின் காலத்தில், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத கை ஊருக்கு ஆபத்து. நம் பிள்ளைகளை நாம் இன்னும் கையாக மட்டுமே வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

சொல்லாராய்ச்சி ஒன்றைக் குறிப்பிடுவோம். அரபியில் 'ஸவ்த்' என்றால் குரல். அதே சொல்தான் இன்று தேர்தலில் இடும் வாக்கையும் குறிக்கிறது. தமிழிலோ 'வாக்கு' என்பது சொல், உறுதிமொழி, தேர்தல் வாக்கு என மூன்றையும் குறிக்கும். இரு மொழிகளும் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் ஒன்றே: வாக்கு என்பது ஒருவன் வாய்திறந்து கூறும் சொல். அச்சொல் ஒரு சாட்சியம் என்றும், தகுதியற்றவருக்குத் தெரிந்தே அதை அளிப்பது பொய்ச்சாட்சிக்கு நிகர் என்றும், அறிந்த சாட்சியத்தை மறைத்து வீட்டில் இருந்துவிடுவதும் குற்றமே என்றும் உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். காசுக்கு விற்ற சாட்சியத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

இளைஞர் சொல்லுக்கு இடமளித்தால் தவறு நேர்ந்துவிடும் என்று அஞ்சும் பெரியோர் உஹதை நினைத்துப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, மதீனாவின் உள்ளேயே இருந்து காப்பதா, வெளியே சென்று எதிர்ப்பதா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கலந்தார்கள். உள்ளே இருப்பதே நாயகம் அவர்களின் எண்ணமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளாத இளைஞர் பலரோ வெளியே செல்வதை வற்புறுத்தினர். நாயகம் அவர்கள் அதை ஏற்றுப் புறப்பட்டார்கள். உஹதில் முஸ்லிம்கள் பெருந்துன்பம் அடைந்தனர் என்பதை வரலாறு அறியும். அதன் பின்னர் இறங்கிய வசனத்திலும் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறே இறைக்கட்டளை வந்தது. விளைவு கசந்தபோதும் கலந்தாலோசனையின் கதவு மூடப்படவில்லை. இளையவர் ஒருமுறை தவறினார் என்பதற்காக அவரை என்றும் வாய்மூடி இருக்கச் செய்வதற்கு நம் மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.

செய்யத்தக்கவை

செய்யத்தக்கவை எளியன. ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளைக் கணக்கிட்டு, 18 வயது நிறைந்தோர் பட்டியலில் சேரலாம். 17 வயது நிறைந்தவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். படிவம் 6 என்ற ஒரு தாள்தான் அது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளும் இந்தியக் குடிமக்களாய் நீடிக்கும்வரை 2011 முதல் பெயர் பதிவு செய்துகொள்ளலாம். ஆயினும் வாக்களிக்க நேரில் வரவேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் தமிழகத்தில் கிராம சபைக்குரியவை. அந்நாட்களில் தந்தையர் தாமும் சென்று, பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று ஒரு மூலையில் அமரச் செய்யட்டும். இளையோர் உட்படக் கூட வேண்டும் என்ற உத்திரமேரூரின் அந்த ஒரு வரியையாவது நாம் நிறைவேற்றியவர்களாவோம். கண்டு கற்ற பிள்ளைக்கு ஒப்பித்துக் கற்க வேண்டிய தேவை குறையும்.

தேர்தலே நடவாத காலமும் உண்டு என்பதையும் அவர்கள் அறியட்டும். 2016 அக்டோபரில் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊரை நடத்தினர். குடமே அவைக்கு வராத அந்நாட்களில் நம்மில் எத்தனை பேர் அதைப்பற்றி வாய்திறந்தோம்?

அச்சிறுவனுக்கு மறுநாள் விடை கூறினோம். அன்றைய குடத்தில் உன் அத்தா பெயர் இருந்திராது. இன்றைய குடத்தில் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவர அரசியல் சட்டம் தேவைப்பட்டது, நம் சாலையிலேயே ஒருவர் உயிரும் தேவைப்பட்டது என்றோம். அமைதியாகக் கேட்டுக்கொண்டான். சற்றுப் பொறுத்து, "அப்ப அத்தா கிட்ட கேக்கணும் ஹஜரத், பட்டியல்ல பேரு இருக்கான்னு" என்றான்.

பாடநூல் கேளாத கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டான். இனி விடை கூற வேண்டியவர்கள் தந்தையரே. அவர்களுக்கு வாய்மையையும், நம் இளைய தலைமுறைக்கு நாவையும் துணிவையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.